மரை கழன்றவர்களுக்கு ஒரு டீ

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் பதினோரு மணி டீ என்பது சங்கு ஊதுவது மாதிரி. பவர் பிரஸ் சத்தம் ஷெட் ஷெட்டாக அடங்கும். கட்டிங் ஆயில் வாசனையோடு ஆட்கள் வெளியே வருவார்கள். அப்படியொரு நேரத்தில் ஒரு தம்பி பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கவருக்குள் எண்ணெய் சொட்டச் சொட்டச் சுருட்டி வைத்த ஒரு ஹோஸ், கூடவே கட்டைவிரல் தடிமனில் ஒரு அடாப்டர்.

"அண்ணே, த்ரெட்டு போயிடுச்சு. லேத்துல குடுத்து அடிச்சுக்கலாமா, புதுசுதான் வாங்கணுமா?"

வண்டி எருமையூர்ப் பக்கம் நிற்கிறதாம். கடனில் வாங்கிய பேக்ஹோ. ஓடினால் மணிக்கணக்கு வாடகை. நின்றால் டியூ மட்டும் ஓடும். அவசரம் புரிகிறது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவரிடம் ஹோஸைக் கொடுக்கக் கூடாது. டீ சொன்னேன்.

முதலில் ஒரு வார்த்தைச் சமாசாரம். 'மரை கழண்ட கேஸ்' என்று ஆளைத் திட்டுவதற்கு மட்டும்தான் மரை என்ற சொல்லை இப்போது வைத்திருக்கிறோம். பட்டறைக்குள் போனால் அது 'த்ரெட்'. நூல் என்ற சொல்லுக்கோ பட்டறையில் வேறு வேலை: இஞ்சுக்கு எட்டு நூல். தம்பி கொண்டுவந்தது நாலு நூல் ஹோஸ், அதாவது உள்துளை அரை இஞ்சு. குழப்பம் வேண்டாம் என்று நான் மரை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அடாப்டரைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். "மரையை விடு. வாயைப் பார்." உள்ளே புனல் மாதிரி ஒரு சரிவு இருக்கும். ஹோஸ் பக்கம் நட்டுக்குள் பார்த்தால், அதற்குப் பொருத்தமாகக் கூம்பாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மூக்கு அந்தப் புனலில் போய் அழுந்தி உட்காருகிறது. எண்ணெயை அடைப்பது அந்த இடம்தான். மரைக்கு எண்ணெயை அடைக்கிற வேலையே கிடையாது. மூக்கைப் புனலில் இழுத்துப் பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவியை அடைப்பது காஸ்கெட், மூடியைப் பிடிப்பது கைப்பிடி. ஆவி பக்கவாட்டில் போனால் கைப்பிடியை மாற்றுகிறவர் உண்டா? ஹைட்ராலிக்கில் மட்டும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இது பிடிபடாததால்தான் டேப் சுற்றுகிறார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மரை கூம்பலாக இருக்கும், இறுக்க இறுக்க மரையே மரையை அடைக்கும். அங்கே டெஃப்லான் டேப் சரி. இங்கே நேர் மரை. டேப் சுற்றினால் ஒழுகுவது நிற்காது, அதன் துணுக்கு எண்ணெயோடு வால்வுக்குள் போகும். கன்ட்ரோல் வால்வின் உள்ளே நகர்கிற ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் ஒரு சின்னப் பங்குதான். அங்கே ஒரு துணுக்கு மாட்டினால் லீவர் ஒட்டிக்கொள்ளும், பூம் சொன்ன பேச்சைக் கேட்காது. அரம் போட்ட தூளுக்கும் இதே கதைதான். அது பிறகு.

ஆகவே மரையைச் சரிசெய்யலாமா என்று கேட்பதற்கு முன்னால் புனலும் மூக்கும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விரல் நகத்தை மூக்கைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். நீளவாக்கில் ஒரு கீறலில் நகம் தட்டினால் அந்த மூக்கு போச்சு. மரையைத் தங்கத்தில் செய்து கொடுத்தாலும் ஒழுகும். வட்டமாக, இறுகி அழுந்திய தடம் மட்டும் பளபளவென்று தெரிந்தால் பயமில்லை. தம்பியின் அடாப்டரில் புனல் சுத்தமாக இருந்தது. ஹோஸ் மூக்கும் பரவாயில்லை. சரி, இனி மரைக்கு வரலாம்.

எவ்வளவு சுமையை அது பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் மரியாதை வரும். பேக்ஹோவின் ஹைட்ராலிக் அழுத்தம் 200 முதல் 250 பார் வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போல சுமார் நூறு மடங்கு. அரை இஞ்சுத் துளையின் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே 250 பாரில் 320 கிலோ அளவுக்கு எண்ணெய் அந்த நட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கல்லில் பக்கெட் முட்டும்போது கண நேரத்துக்கு அதற்கு மேலேயும் எகிறும். இதையெல்லாம் தாங்குகிற மரையின் ஆழம் எவ்வளவு? அரை இஞ்சு பிஎஸ்பி என்றால் 1.16 மில்லிமீட்டர். அதிலும் சுமை எல்லாப் புரியிலும் சமமாக விழுவதில்லை. கடித்திருக்கிற முதல் இரண்டு மூன்று புரிகளே பாதிக்கு மேல் சுமக்கும், பின்னால் இருப்பவை பந்தியில் கடைசி வரிசை மாதிரி, வந்தது வரட்டும் என்று இருக்கும்.

பிஎஸ்பி என்றேன். இந்தப் பெயர்களில்தான் பாதி மரைகள் செத்துப்போகின்றன. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டுவதை நிறுத்தச் சொல்லி ஓர் அளவு வைத்தார்: பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், 55-ஐ அளந்து வெட்டுவது கஷ்டம், 60 போதும் என்றார். அந்த ஐந்து டிகிரி இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளின் உதிரி பாகங்களையே ஒன்றோடொன்று சேரவிடாமல் செய்தது. 1948-ல் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூன்றும் உட்கார்ந்து 60 டிகிரியில் பொது மரை ஒன்றுக்கு ஒத்துக்கொண்டன. ஆனால் இங்கிலாந்தின் குழாய் மரையான பிஎஸ்பி மட்டும் பழைய 55-லேயே இன்றுவரை இருக்கிறது. இங்கிலாந்து வழியில் வந்த பழைய வண்டிகளில் பிஎஸ்பி அதிகம், அமெரிக்க வழியில் வந்தவற்றில் ஜேஐசி, ஜெர்மன் வழியில் மெட்ரிக். நம் ஆட்கள் எக்ஸ்கவேட்டரைப் 'பொக்லைன்' என்கிறோமே, அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். எல் அண்ட் டி அந்த வண்டிகளை இங்கே செய்து விற்றதில் ஒட்டிக்கொண்டது. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் இனிஷியல். பெயரில் இருக்கிற இந்தக் கலப்படம் அடாப்டர் டப்பாவிலும் இருக்கிறது.

அரை இஞ்சு பிஎஸ்பிக்கும் அமெரிக்கக் குழாய் மரையான அரை இஞ்சு என்பிடிக்கும் இஞ்சுக்குப் பதினாலு புரி. வெளி விட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றை இன்னொன்றில் போட்டால் சில சுற்று சமத்தாக ஏறும், அப்புறம் இறுகும். இறுகியதை 'டைட் ஆயிடுச்சு' என்று ஆள் நினைத்துக்கொள்வான். ஒன்று 55, மற்றது 60. ஒன்று நேர், மற்றது கூம்பல். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இன்னும் ஒரு இழு இழுத்தால் இரண்டும் கெட்டது. மெட்ரிக்கில் எம்22-க்கும் ஜேஐசியின் ஏழு நூல் மரைக்கும் இதே ஏமாற்று. வெளி விட்ட வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

அதனால் கையில் வெர்னியரும் த்ரெட் கேஜும் இல்லாமல் மரை வைத்தியம் பார்க்கக் கூடாது. தம்பியின் அடாப்டரை வெர்னியரில் பிடித்தேன். 20.8 காட்டியது. புதிதில் அரை இஞ்சு பிஎஸ்பி 20.955 இருக்கும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டால் கணக்கு சரி. கேஜில் 55 டிகிரிப் பக்கம் 14 என்று போட்ட இலையை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வெளிச்சம் கசியவில்லை, அடிபட்ட இடத்தைத் தவிர. அந்த இடம் நுனியிலேயே இருந்தது: முதல் இரண்டு புரி ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தன. கல்லில் விழுந்த அடி. உலோகம் எங்கும் போகவில்லை, படுத்துவிட்டது. படுத்ததை எழுப்பலாம். கிழிந்துபோய்த் தூளாக உதிர்ந்ததை எழுப்ப முடியாது. மரை ரிப்பேரில் நான் கற்றுக்கொண்ட பிரிவினை இது ஒன்றுதான்.

எழுப்புவது எப்படி? எல்லோருக்கும் முதலில் கை போவது டையிடம். புது மரை வெட்டுகிற டையை அடிபட்ட நுனியில் வைத்துத் திருகினால், அதற்கு எங்கே பழைய புரி தொடங்குகிறது என்று தெரியாது. மடங்கிய இடத்தில் நுழைந்து பழைய புரிக்குக் குறுக்கே புதிதாக ஒன்றை வெட்டிவிட்டுப் போகும். நுனி கெட்டிருக்கும்போது நுனியிலிருந்து தொடங்கவே கூடாது. நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்துக்கு வர வேண்டும்.

அதற்குப் பழைய பட்டறைத் தந்திரம் ஒன்று உண்டு. அதே மரையுள்ள உதிரி நட்டு ஒன்றை எடுத்து வைஸில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் நடுவே இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டும். நறநறவென்று பிசிறு நிற்கிற வெட்டு முனையை மட்டும் லேசாக அரத்தால் தடவிவிடுங்கள். முனைக் கூர்மை இருக்கட்டும், அதுதான் வேலை செய்யப் போகிறது. அடாப்டரின் வாயில் கிரீஸ் தடவிய துணியை அடைத்துவிடுங்கள், தூள் உள்ளே போகாமல். பிறகு ஸ்பேனர் பிடிக்கிற ஹெக்ஸை ஒட்டி, அடிபடாத புரிகளின் மேல், இரண்டு பாதிகளையும் எதிரெதிராக உட்கார வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் 'கிளிக்' என்று விரலுக்கே தெரியும். மேலே ஒரு ஹோஸ் கிளிப் போட்டு, ஆடாமலும் கடிக்காமலும் இருக்கிற அளவுக்கு இறுக்குங்கள். இரண்டு சொட்டு எண்ணெய். இப்போது கழற்றுகிற திசையில் திருப்புங்கள்.

நல்ல புரியின் மேல் வழுவழுவென்று வரும். அடிபட்ட இடத்துக்கு வந்ததும் கை கனக்கும். அங்கே முரட்டுத்தனம் கூடாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெட்டு முனை மடங்கிய உலோகத்தின் அடியில் நுழைந்து, அதைப் பழைய இடத்துக்கு நெம்பி நிறுத்தும். நிற்காத கொஞ்சத்தைச் சீவி எடுத்துவிடும். நட்டு முழுதாக வெளியே வந்து விழுந்ததும் துடைத்துப் பாருங்கள். தம்பியின் அடாப்டரில் மூன்று தடவை இப்படிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். மிச்சமிருந்த பிசிறுக்கு ஊசி அரம். முக்கோண அரத்தை நான் எடுக்கவில்லை. அதன் மூலை 60 டிகிரி, பள்ளமோ 55. அடி வரைக்கும் போகாமல் உச்சியைத்தான் தின்னும். ஜேஐசியில் அது தாராளமாகச் செல்லும், இங்கே செல்லாது.

கடைசியில் வாய்த் துணியை எடுத்து, டீசலில் கழுவி, காற்றடித்து, ஒரு புது நட்டைக் கையால் ஏற்றிப் பார்த்தோம். விரல் நுனியாலேயே கடைசி வரை ஓடியது. ஸ்பேனர் கேட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

"அப்ப ஹோஸையும் இப்படியே பண்ணிடுங்கண்ணே." அங்கேதான் வம்பு. ஹோஸ் பக்கம் மரை இருப்பது நட்டின் உள்ளே. உள்மரைக்கு டேப் போட வேண்டும் (சுற்றுகிற டேப் இல்லை, மரை வெட்டுகிற டேப்). ஆனால் நட்டின் நடுவே அந்த மூக்கு உட்கார்ந்திருக்கிறது. டேப் எங்கே நுழையும்? மூக்கைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு வயிற்றில் ஓட்டையா இருக்கிறது? நல்ல ஆண் அடாப்டர் ஒன்றில் நீளவாக்கில் நாலு பள்ளம் அறுத்து, அதையே டேப் மாதிரி உள்ளே விட்டுச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். துரு, மண், சின்னப் பிசிறு என்றால் நானும் செய்வேன். தம்பியின் நட்டில் பிரச்சினை அதுவல்ல. கோணலாக ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் புரியே இல்லை, சொரசொரப்பு மட்டும் இருந்தது. கழுவியபோது கம்பிச் சுருள் மாதிரி ஒரு துண்டு வந்து விழுந்தது. அதுதான் மரை.

வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்று சொல்கிற பட்டறை எங்கும் உண்டு. தண்ணீர் மோட்டார் பைப்புக்குச் செய்யட்டும். ஹோஸ் முனையில் வெல்டிங் சூடு பட்டால், ஹோஸை நசுக்கிப் பிடிக்கிற வளையமான ஃபெரூலுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ரப்பர் கருகும். வெளியே ஒன்றும் தெரியாது. வெல்டிங்கின் உள்ளே குமிழ் இருந்தால் அதுவும் வெளியே தெரியாது. எம்-சீல் அப்பிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சண்டை போட மாட்டேன், டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முனை கெட்டால் முனையை வெட்டிப் புது முனை கிரிம்ப் செய்துகொள்ளலாம். அதற்கு ஹோஸ் நன்றாக இருக்க வேண்டும், நீளமும் மிச்சம் இருக்க வேண்டும். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு வரி அச்சடித்திருக்கும். தம்பியுடையதில் ஆர்2 என்று இருந்தது. இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல். அரை இஞ்சு இரண்டடுக்குக் கம்பி ஹோஸ் 275 பார் வேலை அழுத்தத்துக்கு, அதன் நாலு மடங்கில் வெடிக்கிற கணக்கில் செய்யப்படுவது. அந்தக் கணக்கெல்லாம் மேலே ரப்பர் கிழிந்து கம்பி துருப்பிடிக்காதவரைதான். நல்லவேளை, அவனுடையது கிழியவில்லை. வெட்டினால் ஒரு சாண் குறையாது, இரண்டு மூன்று விரற்கடைதான் போகும். ஆனால் பூம் முழுக்க நீண்டாலும் அது இழுபடாமல் தொங்க வேண்டும். அதை வண்டியில்தான் பார்க்க வேண்டும். கழற்றிய ஃபெரூலை மறுபடி போடச் சொல்லி மட்டும் கேட்காதே, அது ஒருமுறை நசுங்கியது என்றேன்.

கிரிம்ப் செய்துகொண்டு வந்தவனோடு மாலையில் எருமையூருக்குப் போனேன். கிரஷர் தூசியில் வண்டி வெள்ளை பூத்து நின்றது. பக்கெட்டைத் தரையில் இறக்கச் சொன்னேன், என்ஜினை நிறுத்தச் சொன்னேன், லீவர்களை நாலு பக்கமும் ஆட்டச் சொன்னேன். என்ஜின் நின்றாலும் பூமின் பாரம் எண்ணெயை அமுக்கிக்கொண்டே இருக்கும். அதை வடிக்காமல் நட்டைத் தொடக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வருஷங்களுக்கு முன் ஒரு வேலையிடத்தில் பூமைத் தூக்கிக் கட்டையில் முட்டுக் கொடுத்துவிட்டு நட்டைக் கழற்றினேன். நட்டு கடைசிப் புரியைத் தாண்டியதும் ஒரு பாளம் எண்ணெய் முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. முட்டு நன்றாக நின்றதால் தலை தப்பியது.

நட்டைக் கையால் கடைசி வரை ஏற்றி, பிறகு இரண்டு ஸ்பேனர்: ஒன்று அடாப்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. கையிறுக்கத்துக்குப் பிறகு, அளவைப் பொறுத்து, நட்டின் ஆறு முகத்தில் ஒன்று முதல் இரண்டு முகம் திரும்பினால் போதும். ஹோஸின் மேலுள்ள அச்சு வரி நேராக ஓடுகிறதா என்று பார்த்தோம். அது முறுக்கிக்கொண்டு போனால் ஹோஸே முறுக்கிக்கொண்டிருக்கிறது, நட்டைத் தானாகக் கழற்றிவிடும்.

என்ஜினைப் போட்டதும் தம்பி இணைப்பைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினான். நான் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே. ஊசி முனைத் துளையில் இந்த அழுத்தத்தில் வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சமயத்தில் கையையே எடுக்கும்படி ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் 'எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரிவதால் பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. தடவிப் பார்க்க அட்டைதான் வேண்டும். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து இணைப்பைச் சுற்றிக் காட்டினோம். பூமை ஏற்றி, இறக்கி, கடைசி வரை நீட்டி, லீவரைப் பிடித்து வைத்துப் பார்த்தோம். அட்டை காய்ந்தே இருந்தது.

கெட்டுப்போன பழைய முனையை அவன் சீட்டுக்கு அடியில் இருந்த டப்பாவில் போடப் போனான். 'எதுக்காவது ஆகும்' டப்பா. எல்லா வண்டியிலும் ஒன்று இருக்கும். அதை வாங்கி, ஹேக்ஸாவால் நட்டின் குறுக்கே பாதி வரை ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தேன். இனி எவன் எடுத்தாலும் மாட்ட முடியாது.